குளம் காயட்டும்

ஐப்பசி மழைக்கு முன்னால் தமிழகத்து நகரங்களில் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு வேலை நடக்கிறது. சென்னையில் கூவம், அடையாறு ஆறுகளிலும் பக்கிங்காம் கால்வாயிலும் மிதவை இயந்திரங்கள் இறங்குகின்றன. கோவையின் குளங்களில் பொக்லைனும் பரிசலும் இறங்குகின்றன. ஆகாயத்தாமரையை வாரி இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். சில நாள் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, புகைப்படங்கள் வெளியாகின்றன. அடுத்த கோடைக்குள் அதே இடத்தில் அதே பச்சைப் பாய் விரிந்துவிடுகிறது. இதைப் பார்ப்பவர்கள் ஒப்பந்தக்காரர் சரியாக எடுக்கவில்லை என்கிறார்கள், அல்லது பணத்தில் முறைகேடு என்கிறார்கள். இரண்டும் சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு பைசா கசியாமல், ஒரு செடி தவறாமல் எடுத்தாலும் முடிவு பெரிதாக மாறாது. நாம் செடியோடு போராடிக்கொண்டிருக்கிறோம். அந்தச் செடியை அங்கே வாழவைப்பது குளத்துக்குள் ஆண்டு முழுவதும் ஓடிவரும் சாக்கடை. அது உரம் போடுகிறது. அதைவிட முக்கியமாக, குளத்தைக் காயவிடாமல் வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி நம் ஊர்களில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

முதலில் செடியின் கணக்கைப் பார்த்துவிடலாம். தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த இந்தச் செடி, பூவின் அழகுக்காக உலகெங்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குள் நுழைந்து, நாற்பதே ஆண்டுகளில் அங்கே சட்டம் போட வேண்டிய அளவுக்குப் பரவியது. 1936-ல் வங்காள மாகாணம் ஆகாயத்தாமரைச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டுத் தேர்தலில் இதை ஒழிப்பதாகக் கட்சிகள் வாக்குறுதி கொடுத்தன. தஞ்சைப் பக்கம் வெங்காயத்தாமரை என்றும், தாமிரபரணிக் கரையில் அமலைச் செடி என்றும் சொல்கிறார்கள். வெப்பமும் ஊட்டமும் உள்ள நீரில் இது ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கும். மெதுவான கணக்கையே எடுத்துக்கொள்வோம், இரண்டு வாரம். மூடிக் கிடக்கும் ஒரு குளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அகற்றினால் மீதம் 10 பங்கு. இரண்டு வாரத்தில் 20, ஒரு மாதத்தில் 40, ஆறு வாரத்தில் 80. வேலை இன்னும் திறமையாக நடந்து 99 பங்கு போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு வாரத்தில் குளத்தின் பாதிக்கு மேல் மூடியிருக்கும். கூடுதல் திறமையும் கூடுதல் செலவும் வாங்கித் தருவது ஏறக்குறைய ஆறு வார அவகாசம்தான். ஆண்டுக்கு ஒரு முறை டெண்டர் விட்டு அள்ளும் முறை இந்தப் பெருக்கத்தை ஒருநாளும் முந்த முடியாது.

அடுத்து எடை. அடர்ந்து வளர்ந்த ஆகாயத்தாமரை ஒரு ஹெக்டேருக்கு 200 முதல் 400 டன் வரை இருக்கும். 100 ஏக்கர் குளம் என்றால் 40 ஹெக்டேர். நடுத்தரமாக 300 டன் என்று கொண்டால் 12,000 டன். பத்து டன் லாரியில் 1,200 நடை. அதில் 95 விழுக்காடு வெறும் தண்ணீர், காய்ந்தபின் மிஞ்சுவது 600 டன்தான். அந்தச் சருகில் தழைச்சத்து சுமார் 2 விழுக்காடு, ஆக 12 டன். இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பழக்கத்தில் ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. வெறும் 10,000 பேர் வசிக்கும் பகுதியின் சாக்கடை அந்தக் குளத்தில் விழுந்தால், ஆண்டுக்கு 25 டன்னுக்கும் மேல் உள்ளே வருகிறது. மணிச்சத்தின் கதையும் இதே. அதாவது குளம் முழுவதையும் ஒரு செடி விடாமல் துடைத்து, கரையிலும் விடாமல் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனாலும், அந்த ஓராண்டில் வந்து சேர்ந்த உரத்தில் பாதியைக்கூட எடுத்திருக்க மாட்டோம். கரையில் குவித்துவிட்டுப் போவதுதான் வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அழுகிய சாறு முதல் மழையிலேயே குளத்துக்குத் திரும்பிவிடுகிறது. இன்றைய டெண்டர்கள் வாங்கும் வேலையின் உண்மையான அளவு இதுதான்.

இனி, குளம் காய்வதைப் பற்றி. நம் ஏரிகளும் குளங்களும் எப்போதும் நீர் தளும்பி நிற்பதற்காக வெட்டப்பட்டவை அல்ல. கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆற்றில் சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளிலிருந்து வாய்க்கால் பிரிந்து, ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும்படி குளங்கள் தொடராக அமைந்தன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தத் தொடரின் கண்ணிகள். ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையில் பெய்யும் மழை முதலில் நிரப்பும், ஐப்பசி கார்த்திகை மழை மறுபடி நிரப்பும். மதகு திறந்து வயலுக்குப் பாயும். மாசி பங்குனியில் தண்ணீர் குறைந்து, சித்திரை வெயிலில் குளத்தின் பெரும்பகுதி தரையாகும். அந்த மாதங்களில் ஆடுமாடு மேயும், வண்டல் வெட்டி வயலுக்குப் போகும், மதகும் கரையும் செப்பனிடப்படும். தண்ணீரில் மிதந்து வாழும் செடிக்கு அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாண்டுவது கடினம். வேரோடு வெயிலில் கிடந்து சருகாகும். எந்த மருந்தும் இயந்திரமும் இல்லாமல் ஆண்டுதோறும் நடந்த களையெடுப்பு அது. ஊர் பெருகி, பாதாளச் சாக்கடை பாதியில் நின்று, மழைநீர் வாய்க்கால்களே சாக்கடை வாய்க்கால்களாக மாறியபோது, குளத்துக்கு ஆண்டின் 365 நாளும் வரத்து உண்டாயிற்று. பாசனப் பரப்பு மனைகளாகிவிட்டதால் மதகைத் திறக்கக் கேட்பவரும் இல்லாமல் போனார்கள். ஆகாயத்தாமரைக்கு இதைவிட வசதியான வீட்டை யாரும் திட்டமிட்டுக்கூடக் கட்டித்தர முடியாது.

அதன்மேல் அழகுபடுத்தும் ஆசையும் சேர்ந்துகொண்டது. 2016 ஜனவரியில் வெளியான பொலிவுறு நகரங்களின் முதல் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. குளக்கரைகளுக்கு நடைபாதையும் விளக்கும் பூங்காவும் வந்தன. மக்கள் மாலையில் வந்து அமர ஒரு வெளி கிடைத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நெரிசலான நகரத்துக்கு அது பெரிய வரம். ஆனால் நடைபாதையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எப்போதும் நீர் நிறைந்த குளம் வேண்டியிருக்கிறது. நிறைந்த குளமே நல்ல குளம் என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் பொதுமக்களிடமும் வேரூன்றிவிட்டது. கரைக்குக் கோடிகளைச் செலவழித்த பிறகும் அதே குளங்களில் ஆகாயத்தாமரை திரும்பத் திரும்பப் படர்ந்ததற்குக் காரணம், அலங்காரம் நடந்தது கரையில், சாக்கடை வந்தது வாய்க்காலில் என்பதுதான்.

குளத்தைக் காயவிடுங்கள் என்று சொன்னால் உடனே எழும் கேள்வி, விதைகள் என்ன ஆகும் என்பது. நியாயமான கேள்வி. ஆகாயத்தாமரையின் விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். போதாக்குறைக்கு, ஈரச் சேற்றில் வெயில் படும்போதுதான் அது முளைக்கவும் செய்யும். எனவே ஒரு கோடை காய்ந்தால் முழு விடுதலை என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஆனால் தாய்ச்செடி பாயாக விரிந்து கிடக்கும் குளத்தில் முளைக்கும் நாற்றைத் தேடிப் பிடிக்க வழியே இல்லை. காய்ந்து நிரம்பிய குளத்தில் ஓரத்து ஆழமில்லா நீரில் அது தனியாகத் தெரியும், கையால் பிடுங்கலாம். நம் 40 ஹெக்டேர் குளத்தில் செடியின் பரப்பைக் கால் ஹெக்டேருக்கும் கீழே பிடித்து வைத்திருந்தால், இரண்டு வாரத்தில் கூடக்கூடியது அதிகபட்சம் 75 டன். ஒரு நாளைக்கு ஐந்து டன்னுக்குச் சற்று மேல். இரண்டு பரிசலும் எட்டுப் பத்து ஆட்களும் கொண்ட ஒரு சிறு குழுவின் வேலை அது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இந்தப் பாடத்தை அனுபவத்தில் படித்தது. 1960 வாக்கில் அங்கே ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஆகாயத்தாமரை மூடியிருந்தது. பெருகியபின் ஒழிப்பதை விட்டுவிட்டு, எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே வைத்திருப்பது என்ற கொள்கைக்கு 1970-களில் மாறினார்கள், பரப்பு சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது. அவர்கள் களைக்கொல்லியைப் பயன்படுத்துகிறார்கள், அந்த வழி நமக்கு ஒத்துவராது. ஆனால் குறைவாக இருக்கும்போதே இடைவிடாமல் எடுப்பதுதான் மலிவு என்ற கணக்கு, மருந்துக்கும் கைவேலைக்கும் பொதுவானது.

களைக்கொல்லியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். தெளித்தால் செடி சாகும், சந்தேகமில்லை. செத்த 12,000 டன் குளத்திலேயே மூழ்கி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் கொஞ்ச உயிர்க்காற்றும் போய் மீன் மிதக்கும். உறிஞ்சிய சத்து முழுவதும் சேற்றில் தங்கி அடுத்த தலைமுறைச் செடிக்கு உரமாகும். மாடு குடிக்கும், மீன் பிடிக்கும், சுற்றுக் கிணறுகளுக்கு ஊறும் குளத்தில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை.

கூன்வண்டு பற்றிய வாதம் இதைவிட வலுவானது, அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரையை மட்டுமே தின்று வாழும் நியோகெட்டினா என்ற கூன்வண்டுகளை 1980-களின் தொடக்கத்தில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்துச் சோதித்து, பெங்களூரு ஏரிகளில் விட்டது. சில ஏரிகளில் மூன்று நான்கு ஆண்டுகளில் பாய் சரிந்தது. கேரளத்தில் சால்வினியா என்ற மிதக்கும் பெரணியை அதற்கான வண்டு ஏறக்குறைய முழுமையாகவே அடக்கிவிட்டது. அங்கே சாக்கடையை நிறுத்திவிட்டா அடக்கினார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அந்தச் சால்வினியா விதையே விடாத செடி, வண்டு தின்றுதீர்த்த இடத்தில் சேற்றிலிருந்து முளைத்துவர எதுவும் இல்லை. ஆகாயத்தாமரை அப்படியல்ல. வண்டு விட்ட அதே பெங்களூருவில்தான், சாக்கடை பெருகப் பெருக, ஏரிகளை மறுபடி ஆகாயத்தாமரை மூடியது. பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி, 2017 பிப்ரவரியில் தீயும் பற்றி எரிந்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1995 முதல் இதே வண்டுகள் விடப்பட்டு, 2000-க்குள் செடியின் பரப்பு பெருமளவு வீழ்ந்தது. எல் நினோ ஆண்டின் அலையும் மேகமூட்டமும் அதற்குத் துணைசெய்தன என்போரும் உண்டு. ஆனால் கென்யாவின் வினாம் வளைகுடாவில், நகரக் கழிவும் வயல் உரமும் வந்து விழும் இடத்தில், சில ஆண்டுகளில் செடி திரும்பிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்பூர்ட் அணையின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2018 முதல் ஒரு தத்துப்பூச்சியைப் பெருமளவில் விட்டு ஆகாயத்தாமரையை வெகுவாகக் குறைத்தார்கள். சத்து மிகுந்த நீர் அப்படியே இருந்ததால், காலியான இடத்தில் சால்வினியாவின் இன்னொரு இனம் வந்து படர்ந்தது. வண்டு நல்ல துணை. சாக்கடை குறைந்த குளத்தில், ஓரத்தில் கொஞ்சம் செடியை அதற்கு வீடாக விட்டுவைத்தால் ஆட்களின் சுமையைக் குறைக்கும். ஆனால் சத்தின் வரத்தை அதனால் நிறுத்த முடியாது.

ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தப்படுத்துகிறதே, அதை ஏன் அகற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மிசிசிப்பி ஆய்வகத்தில் 1970-களில் இந்தச் செடியைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள், செடி சத்தை உறிஞ்சுவது உண்மை. அதற்கெனக் கட்டிய ஆழமில்லாத தொட்டியில், வளர வளர அறுவடை செய்தால் மட்டுமே அது சுத்திகரிப்பு. அறுக்காமல் விட்ட குளத்தில் உறிஞ்சியதைத் திருப்பிக் கொட்டுவதோடு, காற்றும் வெளிச்சமும் நீரில் இறங்காமல் தடுக்கிறது. அதன் வேரைத் துளைத்து மூச்சுவிடும் மான்சோனியா கொசுவின் புழுவுக்கும் இடம் கொடுக்கிறது. எருவாக்கலாம், கூடை முடையலாம், எரிவாயு எடுக்கலாம் என்ற யோசனைகளும் நல்லெண்ணத்தில் வருபவை. எடுத்த செடியை மக்கவைப்பது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீரைச் சுமந்து காயவைக்கும் கூலிக்கே விற்பனை ஈடுகட்டாது. ஆலைக் கழிவு கலந்த நகரக் குளத்தின் செடியில் கன உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், காய்கறித் தோட்டத்துக்குப் போடுவதற்கு முன் சோதிக்கவும் வேண்டும். பயன்பாட்டை நம்பிக் களையெடுப்பைத் திட்டமிட்டால், ஒரு கட்டத்தில் கூடை முடைபவருக்காகச் செடியை வளர்க்க வேண்டிவரும்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அரசு அலுவலகங்களில் கேட்கும் பதில். அரைப் பதில்தான் அது. வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நாற்றத்தையும் அழுகும் கழிவையும் குறைக்கிறது. கரைந்துள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கணிசமான பங்கு அதைத் தாண்டி வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை நேராகக் குளத்தில் விட்டால், பார்வைக்குத் தெளிந்த உரநீரை விட்டதாகத்தான் பொருள். பெங்களூருவின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீரை நாணலும் சம்பும் வளர்ந்த ஈரநிலம் வழியாக விடுகிறார்கள். அது நல்ல முன்மாதிரி, ஆனாலும் அந்த ஈரநிலத்தையும் அறுத்துப் பராமரிக்க ஆள் வேண்டும். என் யோசனை இன்னும் எளிமையானது. மழையில்லாத மாதங்களில் வாய்க்காலில் வருவது மழைநீர் அல்ல. அதைக் குளத்தின் வாயிலிலேயே மறித்து, கரையோரப் பக்கவாய்க்கால் வழியாகத் திருப்பிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, சுத்திகரித்தபின் கீழ்ப்பாசனத்துக்கோ அனுப்ப வேண்டும். தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் அந்தச் சத்து வரம். மழை தொடங்கி முதல் வெள்ளம் சாக்கடையை அலசிக்கொண்டு போனபின் ஷட்டரைத் திறந்து குளத்துக்குள் விடலாம். பெரிய நிலையம் கட்டி முடியப் பத்தாண்டு ஆகலாம், ஒரு ஷட்டரும் பக்கவாய்க்காலும் அமைக்க அவ்வளவு காலம் வேண்டாம்.

காய்ந்த குளத்தால் நிலத்தடி நீர் வற்றுமே, பறவைகள் எங்கே போகும், மீனவர் பிழைப்பு என்ன ஆகும் என்ற கவலைகள் எனக்கும் உண்டு. கோடையில் கோவைக் குளங்களிலிருந்து கிணறுகளுக்கு இப்போது ஊறுவது சாக்கடை. அதைக் காட்டி நிலத்தடி நீர் உயர்கிறது என்று மகிழ்வது கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு. பறவைகளைப் பொறுத்தவரை, உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளுக்குச் சேற்றுத் தரை இரை தேடும் இடம், ஆகாயத்தாமரைப் பாயில் அவற்றுக்கு இரை இல்லை. நீரில் நீந்தும் பறவைகளுக்காகத் தொடரில் உள்ள எல்லாக் குளங்களையும் ஒரே ஆண்டில் காயவிடாமல் முறைவைத்துக் காயவிடலாம், நடுவே ஆழமான மடுக்களை விட்டுவைக்கலாம். மீனவர் கவலைதான் மிக நியாயமானது. கூட்டுறவுச் சங்கம் குத்தகைப் பணம் கட்டிய குளத்தை வற்றவிட்டால் நட்டம் அவர்கள் தலையில் விழும். அந்த ஆண்டுக் குத்தகையைத் தள்ளுபடி செய்வதோடு, களையெடுக்கும் நிரந்தர வேலையையும் அந்தச் சங்கத்துக்கே கொடுப்பதுதான் முறை. பரிசலும் நீரின் போக்கும் தெரிந்தவர்கள் அவர்கள். செடி குறைந்தால் வலைவீச்சு கூடும் என்பதால் தாமதிக்காமல் எடுக்க அவர்களுக்குத் தனிக் காரணமும் இருக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பிய மான்சோனியா கொசு நீர்க்களைகளில்தான் வளர்ந்தது. புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1986-ல் அங்கே தொடங்கிய திட்டத்தில், மக்களே தங்கள் குளங்களில் களையெடுத்தார்கள். கொசுவுக்குப் பயந்து மட்டுமல்ல. களை நீங்கிய குளத்தில் மீன் வளர்க்க உதவி கிடைத்தது, எடுத்த களை தென்னைக்கு எருவானது. நோய் தடுப்போடு வருமானமும் சேர்ந்தபோது வேலை ஊர் வேலையாயிற்று. தமிழகத்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன, ஏரியைக் காக்க ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அது. 2017-ல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோதும் பாசனதாரர்களைக் கொண்டே வேலை செய்வது என்பதுதான் கொள்கை. நகரக் குளங்களுக்குப் பாசனதாரர் இல்லை என்பதால் அந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். மீனவர் சங்கமும் கரையோரக் குடியிருப்போர் சங்கமும் அந்த இடத்துக்கு உரியவர்கள்.

டெண்டர் எழுதும் முறையும் மாற வேண்டும். இத்தனை டன் அள்ளினால் இவ்வளவு என்று பணம் கொடுத்தால், செடி நிறைய வளர்வதில்தான் அள்ளுபவருக்கு ஆதாயம். குளத்தின் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் செடி இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் இவ்வளவு என்று கொடுத்தால், முதல் செடி தெரியும்போதே பிடுங்குவார்கள். செயற்கைக்கோள் படத்திலேயே பச்சையின் பரப்பைச் சரிபார்க்க இன்று வழி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு குளத்துக்கும் எத்தனை வாய்க்கால்கள் வருகின்றன, எதில் எந்த வார்டின் சாக்கடை கலக்கிறது, மழையில்லாத நாளில் எவ்வளவு நீர் உள்ளே விழுகிறது என்ற பட்டியலை மாநகராட்சி அளந்து குளக்கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். வருகிற மாசியில் இந்த அளவெடுப்பைத் தொடங்கினால், மழை வருவதற்குள் குறைந்தது ஒரு வாய்க்காலுக்காவது ஷட்டர் போட்டுவிட முடியும்.